பெர்சியேன் என்கிற யானை

அனஸின் கடையில் மாதிரிக்காக நிறுத்தி வைத்திருந்த கதவுகளை அன்னக்கிளி ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டு வந்தாள். மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டின் மேலேயே இருக்கிற கடை அது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தகரக் கொட்டகையில் மரப் பட்டறை. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் அறை எதுவும் கிடையாது, திறந்தால் வெறும் சுவர்தான். ஆனாலும் அவள் சொந்தக்காரர் வீட்டுக்குள் போகிறவள் மாதிரி மரியாதையாகத் திறந்தாள், விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி மூடினாள். மூடியதும் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டாள். சில கதவுகள் பிஸ்கட் டப்பா போலச் சத்தம் போட்டன. அவற்றுக்கு மறுபார்வை கிடைக்கவில்லை. அவள் புருஷன் சாமிக்கண்ணு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைக்காரன் என்ன நினைப்பானோ என்று நெளிந்தபடி பின்னாலேயே வந்தார்.

“போதும் அன்னம். கதவு கழண்டுக்கினு வந்துடப் போவுது.”

“வந்தா நல்லதுதான? நம்ம வூட்டுக்கு வந்து கழல்றதுக்கு இங்கியே கழண்டுட்டுப் போவட்டும்.”

அனஸ் சிரித்துவிட்டான். அப்பா காலத்திலிருந்து மர வியாபாரம் பார்க்கிற குடும்பம். எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவன். “நல்லா ஆட்டிப் பாருங்கக்கா. பாக்காம வாங்கிட்டுப் போறவங்கதான் அப்புறம் என்னிய வந்து ஆட்டறாங்க” என்றான்.

அன்னக்கிளி இப்படி ஆட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி உழவர்கரைக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் வாசல் கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். இன்னொன்றில் மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொண்டு உள்ளே இருப்பவரை வெளியே விடாது. இப்போது இருக்கிற வீட்டுக் குளியலறைக் கதவில் அடிப்பலகை உளுத்துப்போய், குளிக்கிறவர் கால் வெளியே தெரியும். இதையெல்லாம் சகித்துக்கொண்டு வந்தவளுக்கு, மூலக்குளத்தில் ஒரு மனை வாங்கி, தளம் போட்டு, கதவு வாங்கக் கடைக்கு வந்து நிற்கிற நாள் வாய்த்திருக்கிறது. தட்டிப் பார்க்காமல் எப்படி இருப்பாள்?

அந்த வீட்டை வரைந்தது வேறு யாருமல்ல, அவள் மகள் மேனகா. அதை நினைக்கும்போதெல்லாம் அன்னக்கிளிக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். மேனகா டிப்ளமோ முடித்துவிட்டு, பழைய பிரெஞ்சு வீடுகளைப் பழுது பார்த்துத் தருகிற ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் படம் வரைகிறாள். அடுத்தவர் வீடுகளையே வரைந்துகொண்டிருந்தவள் முதன்முதலாகத் தன் யோசனையில் வரைந்த வீடு இது. கொத்தனார் சந்தேகம் கேட்டால், “எதுன்னாலும் எம்பொண்ணக் கேளுங்க” என்பாள் அன்னக்கிளி. சந்தேகம் கேட்காத நாளில் அவளே போய், “ஒண்ணும் சந்தேகம் இல்லியா?” என்று கேட்டுவிட்டு வருவாள்.

வாசல் கதவுக்குத் தேக்கு என்று முடிவானது. அனஸ் காட்டிய பலகையின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு கோடு ஓடியது. அன்னக்கிளி அதை அழகு என்று தடவிப் பார்த்தாள். கூட வந்திருந்த மேனகாதான் அவள் கையை விலக்கினாள்.

“அது வெள்ள மரம்மா. பூச்சி மொதல்ல அங்கதான் வரும். அனஸ் அண்ணா, ஓரம் முழுக்க செவப்பா இருக்கறதாக் குடுங்க.”

அனஸ் தலையாட்டிக்கொண்டே வேறு பலகையை இழுத்துப் போட்டான். அன்னக்கிளி சாமிக்கண்ணுவைப் பார்த்தாள். பார்த்தீரா என் பெண்ணை என்கிற பார்வை அது. அவரும் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, பார்த்தேன் பார்த்தேன் என்று தலையை ஆட்டினார்.

“அப்புறம், ஜன்னலு?” என்று கேட்டாள் அன்னக்கிளி.

மேனகாவும் அனஸும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “ஜன்னலப் பத்தி நீ கவலப்படாத. பட்டறைக்கு வா, காட்டறேன்” என்று மேனகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பட்டறையில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், அன்னக்கிளியின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய வீடு. அங்கே மதாம் ஒருவர் இருந்தார், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற தமிழ்க் குடும்பம். வில்லியனூர்ப் பக்கத்து வயல்காட்டிலிருந்து வந்த அன்னக்கிளி, கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு மதாம் பிரான்சில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். வீடு ஓட்டலாகிவிட்டது. கட்டில், பீரோ, கதவு, ஜன்னல் எல்லாவற்றோடும் அன்னக்கிளியையும் சேர்த்துத்தான் சாவியை ஒப்படைத்தார் என்று சாமிக்கண்ணு கேலி செய்வார். அப்போது சேலையோடு வேலை செய்தவள், இப்போது ஓட்டல் பேர் போட்ட சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு செய்கிறாள். துடைக்கிற ஜன்னல்கள் மட்டும் மாறவேயில்லை.

அந்த ஜன்னல்களுக்கு வெளியே இன்னொரு ஜோடி மரக்கதவு இருக்கும். அதில் குறுக்குப் பலகைகள் சாய்வாக, ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசை கட்டியிருக்கும். வெயில் வராது, காற்று வரும். உள்ளே இருக்கிறவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. மதாம் அதைப் பெர்சியேன் என்பார். அன்னக்கிளிக்கும் அதற்கு வேறு பேர் தெரியாது. ஓட்டல் மேனேஜர் லூவர் என்கிறான். அது அவளுக்கு ஏதோ வயிற்றுக்குள் இருக்கிற உறுப்பின் பேர் மாதிரிப் படும்.

மேனகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, “பெர்சியேன் தொடைக்கணும், நேரமாச்சி” என்று அம்மா தினமும் காலையில் ஓடுவதைக் கேட்டு, அம்மா எங்கோ ஒரு பெரிசு ஆனையைக் குளிப்பாட்டப் போகிறாள் என்றே நினைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது, எழுந்து நின்று, “ஆனை கழுவுறாங்க” என்று சொல்லிவிட்டது. கோயில் ஆனையா என்று டீச்சர் கேட்டாராம். இல்லை, அதைவிடப் பெரிசு, அதன் பேரே பெரிசு ஆனைதான் என்றதாம் பிள்ளை. பிறகு ஒரு லீவு நாளில் அன்னக்கிளி அவளை வேலைக்கு அழைத்துப் போய், இதுதான் பெர்சியேன் என்று காட்டினாள். ஆனை இல்லாத ஏமாற்றத்தில் அவள் அழுத அழுகைக்கு மதாம் சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, இன்று அதே பெர்சியேனைப் பலகை பலகையாக அளந்து படம் வரைகிறது.

பட்டறையில் அனஸ் ஒரு கோணிப்படுதாவை விலக்கினான்.

உள்ளே நின்றது ஒரு ஜோடி பெர்சியேன். புத்தம் புதுத் தேக்கு, இன்னும் பெயின்ட் காணாத மரம், வாசனை கமகமவென்று வந்தது. குறுக்குப் பலகைகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில், மயிரிழை பிசகாமல் இருந்தன. ஒயிட் டவுன் வீட்டில் இருப்பதைவிட நேர்த்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

“நம்ம வூட்டு ஹால் ஜன்னலும்மா. இதே மாதிரி எல்லா ஜன்னலுக்கும்” என்றாள் மேனகா. “அங்க அடுத்தவங்க வூட்ல தொறந்து விட்டுக்கினு இருந்த இல்ல? இனிமே உன் வூட்ல தொறந்து வுடு.”

சாமிக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தடவினார். அன்னக்கிளியின் கண் மட்டும் வேறு இடத்துக்குப் போயிருந்தது. பலகை சட்டத்தில் போய்ச் செருகுகிற மூலை. விரல் நுழையாத இடம் அது. அங்கேதான் தூசி முதலில் குடியேறும், உப்புக்காற்றில் பிசுபிசுத்துக்கொண்டு, நனைத்த துணிக்கும் அசையாது. குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு மூலையாகக் குடைய வேண்டும். மேல் பக்கம் முடிந்தால் அடிப்பக்கம், உள் பக்கம் முடிந்தால் வெளிப்பக்கம். கடைசி ஜன்னலை முடிக்கும்போது முதல் ஜன்னலில் மறுபடியும் தூசி உட்கார்ந்திருக்கும். அவள் பார்வை தன்னையறியாமல் பலகைகளை எண்ணிக்கொண்டு கீழே இறங்கியது.

“இன்னாம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?”

“நல்லாருக்கு” என்றாள் அன்னக்கிளி. பிறகு, அது போதாது என்று பட்டதால், “ரொம்ப நல்லாருக்கு” என்றாள்.

பெற்ற மகளிடம் அவள் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நிற்கும்போது எந்தத் தாய் ஊதி அணைப்பாள்?

“வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போய்ட்டு வந்ததும் மீதி ஜன்னலுக்கு மரம் அறுக்கப் போட்டுடறேன் மேடம்” என்றான் அனஸ். “அறுத்துட்டா அப்புறம் மாத்தறதுக்கு இல்ல. அளவு ஒரு தரம் சரி பாத்துச் சொல்லிடுங்க.”

மறுநாள் ஓட்டலில் மாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் ஒரு கல்யாண ஜோடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சுவர், வெள்ளைப் பெர்சியேன், அதன் முன்னால் மாலையும் கழுத்துமாக அவர்கள். போட்டோக்காரப் பையன் மேலே பார்த்து, ஒரு நிமிஷம் உள்ளே போய்க்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினான். அவள் நகர்ந்துகொண்டாள். கோபமெல்லாம் இல்லை. அந்தப் படத்தில் ஜன்னல் பளிச்சென்று விழுவது தன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும். ஊரில் கல்யாணம் காட்சி எதற்குப் போனாலும், “எங்க வூட்டு பெர்சியேன் மாதிரி வராது” என்று அவள் பெருமையடித்துக்கொண்டதும் அதனால்தான். எந்த அறைக்காரர் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாலும் விரல் சுத்தமாகத்தான் திரும்பும். அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். ஆனால் சாயங்காலம் பஸ் ஏறும்போது தோள்பட்டை இறங்கிவிடுகிறதே, அந்த வலியோடு வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பலகைகள் வரிசை கட்டிக்கொண்டு காத்திருக்குமா? நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. மகள் ஆசையாகச் செய்து தருகிறாள், அதைப் போய்ப் பாரம் என்று நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சாமிக்கண்ணு கவனித்துவிட்டார். மேனகா இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை.

“இன்னா, சோத்தப் பெசஞ்சிக்கினே இருக்க?”

“அந்த ஜன்னல் எனக்கு வேணாம்யா.”

அவர் கை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. “நீதான எப்பப் பாத்தாலும் எங்க வூட்டு பெர்சியேன், எங்க வூட்டு பெர்சியேன்னு பேசுவ. எங்கக்கா குஞ்சம்மா வூட்டுக் கல்யாணத்துல பந்தியில ஒக்காந்துக்கினு கூட அதத்தான பேசன? கொழந்த அம்மாவுக்கு ஆசன்னு நெனச்சிக்கினு செஞ்சிருக்கு.”

“நான் தொடைச்சதச் சொன்னேன்யா. ஜன்னலச் சொல்லல.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே விளங்கியது. சின்ன வயதில் மேனகா அந்தச் சொல்லை ஆனை என்று கேட்டாள். வளர்ந்த பிறகு அதையே ஆசை என்று கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் பிள்ளையின் மேல் தப்பில்லை. சொல்கிறவள்தான் சரியாகச் சொல்லவில்லை.

“அவகிட்டயே சொல்லிடு. என்னிய மட்டும் சொல்லச் சொல்லாத” என்று சொல்லிவிட்டு, சாமிக்கண்ணு தட்டைக் கழுவ எழுந்துகொண்டார். மற்றவரிடம் எப்படியோ, மகளிடம் அவர் பூனை.

வியாழக்கிழமை மேனகா அளவு சரிபார்க்க மூலக்குளத்துக்குப் போனபோது அன்னக்கிளியும் கூடவே போனாள். பூசு வேலை முடியாத வீடு. ஜன்னல் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் சதுர ஓட்டையாக இருந்தது, அதன் வழியாகக் காற்று தாராளமாக வந்து போனது. மேனகா ஹாலில் நின்று டேப்பைப் பிடித்து, பென்சிலால் சுவரிலேயே குறித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். மூன்றாவது தடவை மேனகாவே திரும்பிப் பார்த்தாள்.

“மேனகா, இந்த பெர்சியேன் வேணாம்டி.”

“இன்னா?”

“வேணாம்டி எனக்கு. தொடைக்க முடியல.”

டேப் சர்ரென்று சுருண்டு டப்பாவுக்குள் போனது. “கடையில ரொம்ப நல்லாருக்குன்ன?”

“இப்பவும் நல்லாத்தான் இருக்கு. நல்லால்லன்னா சொன்னேன்?”

“அம்மா, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எங்கம்மா தொடைச்ச ஜன்னல எங்கம்மாவுக்கே போடறேன்னு. சார் கூட அத பாக்க வரேன்னு சொல்லியிருக்காரு.” மேனகாவுக்கு மூச்சு வாங்கியது. “நீ அந்த வூட்ல வேலக்காரி. இங்க நீ வூட்டுக்காரிம்மா! அதுக்காகத்தான அத போட்டேன்!”

“தூசிக்கு அதெல்லாம் தெரியாது மேனகா. வூட்டுக்காரி வூட்லயும் வந்து ஒக்காரும்.”

“நான் தொடைக்கிறேன். நீ தொடவே வேணாம்.”

“நீ ஞாயித்துக்கெழம ஒரு தரம் தொடைப்ப. மீதி நாளு அத பாத்துக்கினு எங்கை சும்மா இருக்குமா? போவும். எனக்குத் தெரியாதா எங்கையப் பத்தி?” அன்னக்கிளி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். “எத்தினி ஜன்னலு பாத்திருக்கேன். ஒரு ஜன்னலுகிட்ட கூட கைய சும்மா வச்சிக்கினு ஒக்காந்ததில்லடி. ஒரு ஜன்னலுகிட்டயாவது ஒக்காரணும்.”

மேனகா சதுர ஓட்டைப் பக்கம் திரும்பி, வெளியே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனால் போகிறது, உன் இஷ்டப்படியே போடு என்று அன்னக்கிளிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டிய பழக்கம், லேசில் போகுமா? ஆனால் இந்த ஒரு தடவை அவள் அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கிக்கொண்டு சும்மா நின்றாள்.

மேனகா திரும்பாமலே கேட்டாள். “அப்ப இன்னா மாதிரிதான் வேணும் உனக்கு?”

அது கோபத்தில் வந்த கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அன்னக்கிளியிடம் கேட்டதில்லை. வாடகை வீட்டில் இருந்த ஜன்னல் இருந்தது, வேலை செய்கிற வீட்டில் இருந்த ஜன்னல் இருந்தது. வேண்டியது எது என்று அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. வேண்டாதது தெரிந்தது. கையைத் தூக்கி, காற்றில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தாள்.

“இந்த மாதிரி குறுக்கால ஒண்ணும் வேணாம். குறுக்கால எது போட்டாலும் அதுல தூசி ஒக்காரும். அது ஒக்காந்துதுன்னா நான் எழுந்துக்கணும்.”

மேனகாவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குறுக்கால ஒண்ணும் வேணாம்” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அங்கே அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, வீட்டு வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டாள்.

“கம்பி? திருட்டுப் பய வந்தா?”

“கம்பிய நெட்டுக்குத்தா போடு. நெட்டுக்குத்தா இருந்தா தூசி எப்படி நிக்கும்?”

“வெறும் நெட்டுக்கம்பி வளைஞ்சிடும்மா. புடிக்கறதுக்கு நடுவுல ஒரு பட்டை வேணும்.” பென்சிலின் அடியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “இல்ல, கம்பி கனத்தக் கூட்டி, மேலயும் கீழயும் சட்டத்துக்குள்ளயே எறக்கிட்டா நிக்கும். நடுவுல பட்டையே வேணாம்.”

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஜன்னலுக்கு அடியில் அகலமாக வரைந்திருந்த திண்டைப் பென்சிலால் கோடு போட்டு அடித்தாள். கதவுகளில் கட்டம் கட்டமாக இருந்த அலங்காரத்தை அடித்துவிட்டு, வழவழப்பான ஒரே பலகையாக்கினாள். சமையலறைத் திறந்த அலமாரிக்குக் கதவு போட்டாள். ஒவ்வொன்றையும் அடிக்கும்போது, “இதுல ஒக்காரும் இல்ல?” என்று கேட்டாள். அன்னக்கிளி எட்டிப் பார்த்து, “ஒக்காரும்” என்றாள். மகள் பென்சில் ஓடுகிற வேகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. முன்பு வரைந்தது அழகான வீடு. இது தன்னைக் கேட்டு வரைகிற வீடு. இந்தக் கெட்டிக்காரி என் வயிற்றில் பிறந்தவள் என்று ரோட்டில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருந்தது.

அனஸுக்கு மேனகாதான் போன் செய்தாள்.

“ஒரு ஜோடி முடிச்சிட்டனே மேடம்” என்றான் அவன் முதலில். பிறகு, “பரவால்ல வுடுங்க, கடை வாசல்ல நிறுத்தினா எவனாவது காபிக்கடை வைக்கிறவன் தூக்கிக்கினு போய்டுவான். மரம் அறுக்கறதுக்குள்ள சொன்னீங்களே, அல்ஹம்துலில்லாஹ். வாசக்கதவாவது எங்கிட்டதான?”

“கதவெல்லாம் உங்ககிட்டதான் அண்ணா. பலகைய மட்டும் மாத்தி வரைஞ்சி எடுத்தாறேன்.”

ஜன்னலுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் உழவர்கரையில், துடைக்கச் சுலபமான பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் விற்கிற ஒரு யுபிவிசி கடைக்குப் போனார்கள். கடையில் நிர்மலாதேவி என்கிற பெண் எல்லாவற்றையும் காட்டினாள். முதலில் பக்கவாட்டில் தள்ளுகிற ஜன்னல். எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்களாம். அன்னக்கிளி கண்ணாடியைப் பார்க்கவில்லை, குனிந்து அடியில் ஓடுகிற பள்ளத்தில் விரலை விட்டாள். விரல் கறுப்பாக வந்தது.

“கடைக்குள்ள இருக்கறதுக்கே இப்படியா? எங்க ரோட்டுக்கு இதுக்குள்ள எறும்பு குடும்பம் நடத்தும்” என்றாள்.

நிர்மலாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எங்க வூட்டு ஜன்னல்லயும் அதே கததான் ஆன்ட்டி. பழைய டூத் பிரஷ் வச்சித்தான் தேய்க்கறேன்” என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.

அதை இருவரும் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தார்கள். வெளிச்சட்டத்துக்குள் இரும்பு வைத்திருக்கிறார்களா, மூலைகளை உருக்கி ஒட்டியிருக்கிறார்களா, சுற்றி ஓடுகிற ரப்பர் எங்கேயாவது விட்டுப் போயிருக்கிறதா, கண்ணாடி எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் மேனகாவின் இலாகா. திறந்தால் கீல் பக்கம் கை போகிற அளவுக்குச் சந்து விடுகிறதா, உள்ளே நின்றபடியே வெளிக்கண்ணாடியைத் தொட முடிகிறதா என்பது அன்னக்கிளியின் இலாகா. கை போனது. முழங்கை வரை போனது. கடைசியாகக் கைப்பிடியைத் திருப்பிச் சாத்தினாள். ரோட்டில் கத்திக்கொண்டிருந்த பஸ், ஆட்டோ, காய்கறி வண்டி எல்லாம் கப்பென்று நின்றன. திறந்தாள், ஊரே உள்ளே வந்தது. சாத்தினாள், போய்விட்டது. இன்னொரு தடவை திறந்து சாத்தினாள்.

“இதுதான்” என்றாள். பிறகு நிர்மலாதேவியிடம் மேனகாவைக் காட்டி, “எம்பொண்ணு. இன்ஜினியரு. வூடே அதான் வரைஞ்சிது” என்றாள்.

“டிராஃப்ட்ஸ்மேன்மா” என்றாள் மேனகா.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

ஆவணியில் புதுமனை புகுவிழா நடந்தது. தேக்குக் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, பால் காய்ச்சினார்கள். மேனகாவின் ஆபீசிலிருந்து அவள் சார் வந்தார். நடுப்பட்டை இல்லாத கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. யாருடைய யோசனை என்று கேட்டார். அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். சாமிக்கண்ணுவின் அக்கா குஞ்சம்மாள் மட்டும் வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னா அன்னக்கிளி, ஒயிட் டவுன்ல வேல செய்றவ வூடு, ஒரு பெர்சியேன் கூட இல்லாம மொட்டையா இருக்குது?”

“அதெல்லாம் தொடைக்க ஆளு வச்சிருக்கிற வூட்டுக்கு அண்ணி” என்றாள் அன்னக்கிளி. “இந்த வூட்ல ஆளு கெடையாது.” இதைச் சொல்லும்போது அவள் தலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று சாமிக்கண்ணு பிற்பாடு நடித்துக் காட்டுவார்.

ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. அன்னக்கிளிக்கு அன்று வார லீவு. மத்தியானமே வானம் கறுத்துக்கொண்டு வர, காற்று ரோட்டுப் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கண்ணாடியில் அப்பியது. அடுத்த நிமிஷம் மழை கொட்டியது. முதல் இடியிலேயே அவள் எழுந்துவிட்டாள். மழை என்றால் அறை அறையாக ஓடிச் சாத்த வேண்டும் என்று உடம்புக்குப் பழக்கம். ஹால் ஜன்னல் வரை ஓடி வந்த பிறகுதான் எல்லாம் சாத்தித்தான் இருக்கிறது என்று தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

மேனகாவின் ஸ்கூட்டர் வந்து வாசலில் நின்றது. வண்டியை நிறுத்தியவள் உள்ளே வராமல், எதிர்ப்பக்கம் போய், மழையில் நனைந்துகொண்டே வீட்டை அண்ணாந்து பார்த்தாள். சன்ஷேடிலிருந்து தண்ணீர் எப்படி விழுகிறது, சட்டத்து மூலையில் எங்கேயாவது தேங்குகிறதா என்று ஒவ்வொரு ஜன்னலாக அவள் பார்வை போனது. அவள் வரைந்த வீட்டுக்கு இது முதல் பெருமழை. பிறகு ரோட்டைக் கடந்து ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே ஒழுகுகிறதா என்று கையால் கேட்டாள்.

அன்னக்கிளி குனிந்து ஜன்னலின் அடிச்சட்டத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. இல்லையென்று தலையை ஆட்டினாள். மேனகாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே நின்று, தன் ஜன்னலை மறுபடியும் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

“உள்ள வாடி, சளி புடிக்கும்” என்றாள் அன்னக்கிளி.

வெளியே கேட்கவில்லை. மேனகா காதில் கையை வைத்து, என்ன என்றாள். அன்னக்கிளி இன்னும் உரக்கச் சொன்னாள், அதுவும் கேட்கவில்லை. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பியிருந்த புழுதியையெல்லாம் மழை மேல் விளிம்பிலிருந்து மூலை மூலையாகத் துடைத்துக்கொண்டு இறங்கியது. அன்னக்கிளி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.